லீட் பிரிச்சுத் தர்ற சாஃப்ட்வேர் வாங்கப் போறீங்களா? சேலம் வியாபாரிகளுக்கு ஒரு எச்சரிக்கை

சேலம், நாமக்கல் பக்கம் சோலார், மாடுலர் கிச்சன், மனை விற்பனைன்னு தொழில் பண்றவங்ககிட்ட ஒரு குழு சுத்திக்கிட்டு இருக்கு. "உங்க ஃபேஸ்புக் விளம்பரத்துல வர்ற லீடு எல்லாத்தையும் எங்க சாஃப்ட்வேர் தானாவே ஏரியா பார்த்துப் பிரிச்சு, ரெண்டு நிமிஷத்துல சரியான ஆள் போனுக்கு அனுப்பிடும் சார்" என்பதுதான் அவங்க பேச்சு. லீடுன்னா, விளம்பரத்தைப் பார்த்து ஃபாரத்துல பேரும் நம்பரும் போட்டு விசாரிக்கறவங்க விவரம். ஒரு வருஷக் கட்டணம் முன்பணமா கட்டணும், அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேற. நாங்க கட்டினோம். பணத்துக்கு என்ன கிடைச்சதுன்னு எழுதறேன். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கறதால பேர் போடல.

எங்களுது வீட்டு மாடியில சோலார் போடற தொழில். 2024 பிப்ரவரியில மாடி சோலாருக்கு மானியம் தர்ற மத்திய அரசோட பி.எம். சூர்ய கர் திட்டம் வந்ததும் விசாரிப்பு கூடிப்போச்சு. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னா யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா இந்தத் தொழில்ல ஒரு சங்கடம் இருக்கு. வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்து போனைத் தள்ளும்போது நாலு கம்பெனி ஃபாரத்துல நம்பரைப் போட்டுடுவார். முதல்ல பேசறவனுக்குத்தான் மாடியை அளக்க நேரம் தருவார். அளந்தவனுக்கே பெரும்பாலும் ஆர்டர். அப்பெல்லாம் எங்க மேனேஜர் வர்ற லீடை வாட்ஸாப் குரூப்புல போடுவார். ஒரே ஆளை ரெண்டு பேர் கூப்பிடுவாங்க, இல்லைன்னா அவன் கூப்பிட்டிருப்பான்னு இவனும் இவன் கூப்பிட்டிருப்பான்னு அவனும் விட்டுடுவாங்க. அதனால இப்படி ஒரு சாஃப்ட்வேர் எங்களுக்கு நிஜமாவே தேவைப்பட்டுச்சு. அந்தத் தேவையைத்தான் இவங்க சரியா மோப்பம் பிடிச்சாங்க.

டெமோவுல ஒரு ஸ்லைடு காட்டினாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள தொடர்பு கொண்டா ஏழு மடங்கு பலன்னு போட்டிருந்துச்சு. அது சும்மா அடிச்சு விட்டது இல்லை. 2011-ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுல வந்த ஆய்வு. ஆனா அது அமெரிக்கக் கம்பெனிகளை வெச்சு எழுதினது. அதுக்காக 2,241 கம்பெனிகளைத் தனியா சோதிச்சும் பார்த்திருக்காங்க. அங்கேயே பதில் சொன்ன கம்பெனிகள் சராசரியா 42 மணி நேரம் எடுத்துச்சாம். 23 சதவீதம் கம்பெனிகள் பதிலே சொல்லல. அந்த ஏழு மடங்கு எதுக்குன்னா, முடிவெடுக்கற ஆளோட உருப்படியா ஒரு பேச்சு நடக்கறதுக்கு. தானா ஒரு 'வணக்கம்' மெசேஜ் போறதுக்கு இல்லை. இந்த வித்தியாசத்துலதான் இவங்க பிழைப்பே ஓடுது.

முதல் மாச ரிப்போர்ட் அட்டகாசமா இருந்துச்சு. சராசரி ரெஸ்பான்ஸ் நேரம் ரெண்டு நிமிஷத்துக்கும் கீழ. பச்சைப் பச்சையா கட்டம். ஆனா ஆர்டர் மட்டும் ஏறல. அந்த நேரத்துல எடப்பாடியில ஒரு அம்மா போன்ல போட்டு வாங்கினாங்க. "நேத்து காலையிலயே போட்டேன் தம்பி. உங்க பக்கத்துல இருந்து ஒருத்தரும் பேசல. வேற கம்பெனிக்காரங்க வந்து அளந்துட்டே போயிட்டாங்க." அவங்க பேர்ல ரிப்போர்ட்டைத் திறந்தா, 'ஒரு நிமிஷத்துல ரெஸ்பான்ஸ்' என்று பச்சையா நிக்குது.

ஒவ்வொண்ணா தோண்ட ஆரம்பிச்சோம். அந்த அம்மாவோட லீடு போனது எங்க நாமக்கல் பையனுக்கு. ஏன்னா பின்கோடு 637101. 636-ல ஆரம்பிச்சா சேலம், 637-ல ஆரம்பிச்சா நாமக்கல்னு விதி எழுதி வெச்சிருக்காங்க. எடப்பாடியும் சங்ககிரியும் சேலம் மாவட்டம்தான், ஆனா பின்கோடு 637. இன்னொரு பக்கம் தர்மபுரி 636701, அது எங்க சேலம் டீமுக்கு வந்து குவியுது. முதல் மூணு எண் தபால் துறை கடிதம் பிரிக்கறதுக்கு வெச்சது, மாவட்ட எல்லைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. 'உங்க ஊருக்கு ஏத்த மாதிரி செட் பண்ணித் தர்றோம்'னு தனியா ஒரு செட்டப் கட்டணம் வாங்கினவங்க, இந்த ஊர் மேப்பை ஒரு தடவை திறந்துகூடப் பார்க்கல.

ஏற்காடு கதை இதைவிட மோசம். மலை மேல எஸ்டேட், ஹோம்ஸ்டே வெச்சிருக்கறவங்க கேக்கறது பெரிய சிஸ்டம். ஒரு ஆர்டர் கிடைச்சா சாதாரண வீடு நாலஞ்சுக்குச் சமம். இவங்க ஆப்புல லீடு வந்த பத்து நிமிஷத்துக்குள்ள 'ஏத்துக்கறேன்'னு தட்டணும், இல்லைன்னா அடுத்த ஆளுக்குத் தாவிடும். எங்க ஏற்காட்டுப் பையன் 20 கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டிக்கிட்டுப் போவான். பாதி இடத்துல டவர் இருக்காது. அவன் மேல போய்ச் சேர்றதுக்குள்ள லீடு மேட்டூர்க்காரனுக்குப் போயிருக்கும். மேட்டூர்ல இருந்து அவன் ஏற்காட்டுக்கு எப்போ போய் அளக்கறது? டவர் இல்லாத நேரத்தைக் கணக்குல எடுங்கன்னு கேட்டா, "அது அடுத்த வெர்ஷன்ல வரும் அண்ணா"ன்னு பதில்.

இதெல்லாம் திறமை இல்லாத வேலைன்னு விட்டிருப்போம். ஏமாத்து வேலைன்னு தெரிஞ்சது இனிமே சொல்றதுலதான்.

ஞாயித்துக்கிழமை ஒரு லீடும் வராது. திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு மேல மொத்தமா வந்து கொட்டும். ஃபேஸ்புக்கோ ஞாயித்துக்கிழமை லீவு விடறது இல்லையே! பொங்கலுக்கும் அதே கதை. கேட்டா, "டோக்கன் எக்ஸ்பயர் ஆயிடுச்சு சார்"னு ஒவ்வொரு வாரமும் அதே பாட்டு. டோக்கன்னா, ஃபேஸ்புக்ல இருந்து லீடை எடுக்க சாஃப்ட்வேருக்குக் கிடைக்கற அனுமதிச் சாவி. உண்மையில ஃபேஸ்புக் இணைப்புல தனி நபர் லாகின்ல எடுக்கற டோக்கன் ஏறக்குறைய 60 நாளைக்கு நிக்கும், பாஸ்வேர்டு மாத்தினா உடனே செத்துடும். அதுக்குத்தான் தனி ஆள் லாகின் இல்லாம கம்பெனி கணக்குல எடுக்கற, காலாவதியே ஆகாத சிஸ்டம் யூசர் டோக்கன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா இந்தப் பிரச்சினையே வராது. வாராவாரம் டோக்கன் சாகுதுன்னு சொன்னா அங்க டோக்கனே இல்லையோன்னு சந்தேகம் வரும்.

அப்புறம் எங்க டெலிகாலர் பொண்ணு ஒண்ணைக் கண்டுபிடிச்சது. நிறைய நம்பர் தப்பா இருந்துச்சு, அதுவும் ரெண்டு எண் இடம் மாறி. 84-ன்னு இருக்க வேண்டியது 48. மெஷின் காப்பி பண்ணா எண் இடம் மாறாது. ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனியான மெட்டாவுல எங்களுக்கு இருக்கற கணக்குல இருந்து நாங்களே லீடுகளை இறக்கி, அவங்க ரிப்போர்ட்டோட வரிசையா வெச்சுப் பார்த்தோம். மெட்டா ஃபைல்ல 'கிரியேட்டட் டைம்'னு ஒரு பத்தி இருக்கும், வாடிக்கையாளர் பட்டனை அமுக்கின நேரம். அவங்க ரிப்போர்ட்ல 'ரிசீவ்டு'ன்னு இருக்கற நேரத்துக்கும் அதுக்கும் மணிக்கணக்குல இடைவெளி. சில லீடுக்கு ஒரு நாள் கூட.

ஆக, அவங்க ஆபீசுல யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, எங்க ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு நம்பரா கையால தட்டி ஏத்திக்கிட்டு இருந்திருக்காங்க. அப்படி ஏத்தின நொடியில இருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். தானா ஒரு வாட்ஸாப் மெசேஜ் போனதும் கடிகாரம் நின்னுடும். அதுதான் அந்த ரெண்டு நிமிஷம். வாடிக்கையாளர் காத்திருந்த நேரமும் கணக்குல இல்லை, எங்க ஆள் பேசினானா இல்லையான்னும் கணக்குல இல்லை.

இதை எடுத்துச் சொன்னதும், டெமோவுக்கு வந்த அந்தப் பையன், அதுவரைக்கும் 'அண்ணா அண்ணா'ன்னு வாய் நிறையக் கூப்பிட்டவன், "சார், நாங்க வெறும் சேனல் பார்ட்னர்தான் (வித்துக் கொடுக்கற ஏஜென்ட்), கம்பெனிக்கு மெயில் போடுங்க"ன்னு ஒதுங்கிட்டான். கம்பெனியில இருந்து வந்த பதில்ல ரீஃபண்ட் கிடையாதுன்னு ஒப்பந்தத்துல இருக்காம், வழக்குன்னா வெளிமாநில கோர்ட்டுலதான் போடணுமாம்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாம்னுதான் முதல்ல யோசிச்சோம். வக்கீல் தடுத்தார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, வணிக நோக்கத்துக்காக வாங்கினவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்புல வயித்துப்பாட்டுக்காக சுயதொழில் பண்றவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆள் வெச்சு நடத்தற எங்களை மாதிரி கடைக்கு அது பொருந்தறது கஷ்டம்னு சொல்லிட்டார். அதனால நோட்டீஸ், தேவைப்பட்டா சிவில் வழக்கு. தனி ஆளா எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கிட்டே இதை வாங்கினவங்க யாராவது இருந்தா, உங்களுக்கு அந்த வழி திறந்திருக்கலாம். வக்கீலைக் கேளுங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு. விளம்பரத்துல போட்டிருந்த எங்க வாட்ஸாப் நம்பரை அவங்க பிசினஸ் கணக்குக்குக் கீழ பதிவு பண்ணிட்டாங்க. விடுவிச்சுத் தரச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கோம், இன்னும் நடக்கல. யாராவது செட்டப் பண்றேன்னு வந்தா, மெட்டா பிசினஸ் கணக்கு உங்க பேர்ல இருக்கணும், அவங்களுக்கு உள்ளே வேலை பார்க்க அனுமதி மட்டும்தான் தரணும். இதுல மட்டும் இளகிடாதீங்க.

இப்போ எங்ககிட்ட எந்த சாஃப்ட்வேரும் இல்லை. லீடு ஆபீஸுக்கு வருது, டெலிகாலர் பொண்ணு உடனே பேசறா, பேசி முடிச்சு ஊரைக் கேட்டுக்கிட்டு அப்புறம்தான் ஏரியா ஆளுக்குப் போகுது. பிரிக்கறதை முதல்லயும் பேசறதை ரெண்டாவதாவும் வெச்சதுதான் அந்த சாஃப்ட்வேரோட அடிப்படைக் கோளாறுன்னு எனக்குத் தோணுது. ஒழுங்கா வேலை செய்யற சாஃப்ட்வேர் உலகத்துல இல்லாம இல்லை, கண்டிப்பா இருக்கு. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு உங்க சொந்தக்காரர் நம்பரை வெச்சு ஒரு ஃபாரம் போட்டுப் பாருங்க. டெமோவை அந்த நேரத்துக்குக் கேளுங்க. கேட்டதுமே முகம் மாறினா உங்களுக்கு விஷயம் புரிஞ்சுடும்.

ஏற்கனவே பணம் கட்டினவங்க தள்ளிப்போடாதீங்க. மெட்டாவுல லீடு விவரம் 90 நாள்தான் இறக்கக் கிடைக்கும், அப்புறம் உங்க கையில ஆதாரமே இருக்காது. இன்னிக்கே இறக்கி, அவங்க ரிப்போர்ட்டோட நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்க. விடுமுறை நாள்ல வந்த லீடுகள்ல இருந்து ஆரம்பிங்க.