தேர்வு எழுதும் மாணவர்களுக்கான தன்னூக்க அட்டைகள்: ஒரு மதிப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் காலையில் ஓர் அட்டையை எடுத்து, அதிலுள்ள வாசகத்தைத் தமக்குள் சொல்லிக்கொண்டு படிக்க அமர்வதற்கென்று தயாரிக்கப்பட்ட தமிழ் அட்டைத் தொகுப்பு ஒன்றை, அரையாண்டுத் தேர்வு தொடங்கிப் பொதுத்தேர்வு வரை என் வகுப்பில் பயன்படுத்தினேன். தாள் கெட்டியானது, எழுத்துகள் பெரியவை, அச்சில் பிழையில்லை.

குறை வாசகங்களில் இருக்கிறது. பெரும்பாலான அட்டைகளில் "வெற்றி எனக்கே உரியது", "என்னால் முடியாதது எதுவுமில்லை" என்பவை போன்ற முழக்கங்களே உள்ளன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இவற்றை உற்சாகமாகச் சொன்னார்கள். கணக்கில் தொடர்ந்து தேர்ச்சி பெறாத ஒரு மாணவியோ, சொல்லி முடித்ததும் முன்னைவிடச் சோர்ந்துபோனாள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் இதை ஒட்டியதே: தன்மதிப்புக் குறைந்தவர்கள், தாம் அன்புக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட மனம் தளர்ந்தார்கள். ஊக்கம் மிகுதியாகத் தேவைப்படும் பிள்ளையையே வாடச் செய்யும் வாசகங்களை இத்தனை அட்டைகளில் அச்சிட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

பச்சை நிற அட்டைகள் வேறு வகை. "வினாவை முழுவதும் வாசித்துவிட்டு எழுது", "தெரிந்ததிலிருந்து தொடங்கு", "ஒவ்வொரு படியையும் சரிபார்" என்று அவை செய்ய வேண்டியதைச் சொல்கின்றன. விளையாட்டு வீரர்களின் சுயபேச்சு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து கிரேக்க ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டிலும், நுணுக்கமான அசைவுகள் தேவைப்படும் செயல்களில் வெறும் ஊக்கச் சொற்களைவிடச் செய்முறையைச் சொல்லும் சொற்களே கூடுதல் பயன் தந்தன. தேர்வு விளையாட்டல்ல என்றாலும், அதே மாணவி இந்த அட்டைகளோடு அமர்ந்தபோது பதற்றம் குறைந்து கணக்கைத் தொடங்கினாள் என்பதை நான் கண்டேன். பின்னர் அவளுடைய மதிப்பெண் உயர்ந்தது. அதற்குக் காரணம் அவள் நாள்தோறும் செய்த பயிற்சி, அட்டை அவளை அமர வைத்தது, அவ்வளவே.

சில வெற்று அட்டைகளும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் தம்மைத் தம் பெயரால் அழைத்துப் பேசிக்கொண்டவர்கள் கூச்சமும் கலக்கமும் குறைந்து நன்றாகப் பேசினார்கள். எனவே மாணவர்களைத் தம் பெயரிட்டே அவற்றில் எழுதச் சொன்னேன், அவை விரைவில் தீர்ந்துவிட்டன.

முழக்க அட்டைகளை எடுத்து வைத்துவிட்டுப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். பெட்டியின் மேல் "மனச்சோர்வைப் போக்கும்" என்று அச்சிட்டிருப்பதைத் தயாரிப்பாளர்கள் உடனே நீக்க வேண்டும். உறக்கமும் உணவும் குறைந்து ஒதுங்கியிருக்கும் பிள்ளைக்கு அட்டையைக் கொடுக்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள், அல்லது இந்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் பேசுங்கள்.