தூரம் சரி, நேரம் தவறு: ஒரு விமானத் தூரச் செயலி பற்றி

மகள் சிங்கப்பூரில் குடியேறிய நாள்முதல், குன்னூரிலுள்ள எங்கள் வீட்டில் அந்த ஊர் எவ்வளவு தூரம், போய்ச்சேர எத்தனை மணி நேரம் என்ற பேச்சு ஓய்ந்ததில்லை. இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் கணித்துத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றை இதற்காகவே மூன்று பயணங்களில் பயன்படுத்திப் பார்த்தேன்.

தூரத்தில் குறை சொல்ல இடமில்லை. கோயம்புத்தூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,160 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. புவியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய பாதையின் நீளம் அது. நேரத்துக்கு வரும்போதுதான் சிக்கல். அந்தத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்து, 3 மணி 57 நிமிடம் என்று அடித்துச் சொல்கிறது. விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மெல்ல மேலேறுவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பது ஆகிய எதுவும் அந்த வகுத்தலில் இல்லை. எங்கள் பயணச்சீட்டுகளில் இருந்தது நாலரை மணி நேரம். (மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏறி உதகையைத் தொடுவதற்குள் சிங்கப்பூரே வந்துவிடும் என்பது வேறு கதை.)

இரண்டு நகரங்களின் கடிகாரங்களையும் அருகருகே வைத்து, சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதைத் தெளிவாகக் காட்டுவது இந்தச் செயலியின் நல்ல அம்சம். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கில் பயணச்சீட்டில் அச்சாவதால், போகும்போது ஏழு மணி நேரம், திரும்பும்போது இரண்டே மணி நேரம் என்று பக்கத்து வீட்டு அக்கா நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். திரும்பும் விமானத்துக்குக் காற்று அவ்வளவு உதவுகிறதா என்றுகூடக் கேட்டார். செயலியைக் காட்டியபோதுதான் அவருடைய ஐயம் தீர்ந்தது.

குன்னூர் என்ற பெயரை அது அறியவில்லை. உதகமண்டலம் என்று கொடுத்தாலோ, விமான நிலையமே இல்லாத ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோடு இழுத்து, ஐம்பது கிலோமீட்டர் கூட்டிச் சொல்கிறது. எங்கள் வாசலிலிருந்து கோவை விமான நிலையம் செல்ல, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பர்லியார், கல்லாறு, மேட்டுப்பாளையம் வழியாக, நல்ல நாளில் இரண்டரை மணி நேரம் ஆகும். ஐப்பசி மழையில் பாதையில் மண் சரிந்தால் கணக்கே இல்லை. பன்னாட்டுப் பயணத்துக்காக மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்று நிற்பதையும் சேர்த்தால், சாங்கியில் இறங்குவதற்குள் பத்து மணி நேரம் கடந்துவிடுகிறது.

தூரம் மட்டும் அறிய விரும்புவோர் இதைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். வாடகை வண்டியை எத்தனை மணிக்கு வரச்சொல்வது என்று தீர்மானிக்க இதை நம்ப வேண்டாம். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருகிறேன்; அதில் அரை நட்சத்திரம் அக்காவின் பொருட்டு.