மேட்டுப்பாத்திக்குக் கரை: தென்னந்தடியா, ஹாலோ பிளாக்கா, வெட்டுகல்லா?

குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் முற்றத்தில் பூச்செடி வைப்பவர்கள் முதலில் மழையைத்தான் யோசிக்க வேண்டும். ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடிக்கும், அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை வந்துவிடும். ஓணத்துக்கு வீட்டுக் கேந்தியிலேயே (செண்டுமல்லி) அத்தப்பூக் கோலம் இட ஆசையென்றால் நாற்றை ஜூனிலேயே நட வேண்டும். நட்டுப் பூக்க ஏறக்குறைய 2 மாதம் ஆகும். கொட்டுகிற மழையில்தான் இளஞ்செடி வேர் பிடிக்கிறது, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் தரையைவிட 1 அடியாவது உயர்ந்த பாத்தி வேண்டும். அதற்குக் கரை எதில் கட்டுவது?

பலரும் முதலில் பார்ப்பது தென்னந்தடியைத்தான். தென்னை நிற்கிற விளையிலேயே கிடக்கும், காசு கிடையாது, உருட்டிப்போட்டு முளை அடித்தால் அரை நாளில் வேலை முடிந்தது. ஆனாலும் எனக்கு இது வேண்டவே வேண்டாம். ஈரமண்ணில் கிடக்கும் தடியைக் கறையான் அரிக்கும் என்பது ஒருபுறம். மட்கும் தென்னந்தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், வளர்ந்த வண்டு நிற்கிற தென்னையின் குருத்தைத் துளைக்கும். நாலு பூவுக்காகக் காய்க்கிற தென்னையைப் பறிகொடுக்கவா?

ஹாலோ பிளாக் சுத்தமான வேலை. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். இரண்டு வரிசை அடுக்கினால் நல்ல உயரம் கிடைக்கும். துளைகளில் மண் நிரப்பிப் பத்துமணிப்பூ வைக்கலாம். கேந்தி, வாடாமல்லிக்கு இது போதும். தெற்றி (இட்லிப்பூ) வைப்பதாக இருந்தால் யோசியுங்கள். சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பால் அதன் வேருக்கு இரும்புச்சத்து சரியாகக் கிடைக்காது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகிவிடும்.

என் ஓட்டு வெட்டுகல்லுக்கு, அதாவது செம்புரைக் கல்லுக்கு. மண்ணிலிருந்து வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட இறுகும். கேரளத்து மலப்புறம் அங்காடிப்புரத்துக் கல்லைப் பற்றி, தென்னிந்தியாவில் பயணம் செய்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் 1807-லேயே இதை எழுதியிருக்கிறார். சிமெண்ட் போலச் சுண்ணாம்பு விடாது, அதனால் தெற்றியும் செம்பருத்தியும் நிம்மதியாக வளரும். வண்டிக்கூலியோடு விலை கூடத்தான் செய்யும்; பழைய வீடு இடிக்கிற இடத்தில் விசாரித்தால் குறைத்துக் கிடைக்கும். முதல் வரிசையைப் பாதி மண்ணுக்குள் இறக்குங்கள், லேசாக உள்பக்கம் சாய்த்து வையுங்கள், மேல் வரிசையில் இணைப்பு மாறி வரட்டும். கொத்தனார் சிமெண்ட் பூசச் சொல்வார், சம்மதிக்காதீர்கள். மழைத்தண்ணீர் வடிவதே கல்லுக்குக் கல் இருக்கும் இடைவெளி வழியாகத்தான்.

அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம், கை எட்டாது. சுவரோரம் என்றால் 2 அடி. அடியில் பிளாஸ்டிக் விரிக்காமல் ஓட்டுத்துண்டு பரப்பி, இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு மட்கிய சாணமும் கலந்து போடுங்கள். சாணம் நன்றாக மட்கியிருக்க வேண்டும், மட்கிக்கொண்டிருக்கும் சாணக்குவியலிலும் அதே காண்டாமிருக வண்டு முட்டையிடும். முதல் மழைக்கு மண் அமுங்கும், அப்புறம் மேலே இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு நாற்றை நடுங்கள்.