‘டிஸ்னிக்கு 5 நிமிடம், இலவச ஷட்டில்’ என்று போட்டிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஃபுளோரிடாவில் டிஸ்னி பூங்காக்கள் இருக்கும் ஆர்லாண்டோவுக்குக் குழந்தைகளோடு, அதுவும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களோடு போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 ஏப்ரலில் நாங்கள் ஆறு பேர் போனோம். நானும் கணவரும், ஏழு வயது மகள், நான்கு வயது மகன், கரூரிலிருந்து வந்திருந்த மாமனார், மாமியார். வட கரோலினாவின் சார்லட்டிலிருந்து விமானம். ஐந்து இரவுகள், நான்கு நாள் டிஸ்னி டிக்கெட். ஹோட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆர்லாண்டோவை ஒட்டிய கிஸ்ஸிமியில் 192ஆம் நெடுஞ்சாலையோரம் இதே மாதிரி விளம்பரம் போடும் ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. எங்களுக்கு நடந்தது எப்படி நடந்தது என்று தெரிந்தால் எந்த ஹோட்டலிலும் சுதாரித்துக்கொள்ளலாம்.

முதலில் டிஸ்னிக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலைத்தான் பார்த்தோம். அங்கே விலை குறைந்த ‘வேல்யூ’ வகை ஹோட்டல்களில் சாதாரண அறையில் நான்கு பேருக்குத்தான் இடம். ஆறு பேர் என்றால் இரண்டு அறை. ஓர் இரவுக்கு ஓர் அறை 235 டாலர் காட்டியது. ஐந்து இரவுக்கு இரண்டு அறை, வரியோடு 2,650 டாலரை ஒட்டி வந்தது. சமையலறையும் கிடையாது. மாமனாருக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பிட வேண்டும். மாமியார் முட்டைகூடச் சாப்பிட மாட்டார். வெளியே பார்த்தால் இரண்டு படுக்கையறை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரங்கள் எல்லாம் உள்ள சூட் 139 டாலர். கூடவே ‘டிஸ்னிக்கு 5 நிமிடம், பூங்காக்களுக்கு இலவச ஷட்டில்’, அதாவது ஹோட்டலே கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேன், என்ற வரி. அந்த ஒரு வரியை நம்பித்தான் வாடகைக் கார் எடுக்காமல் விட்டோம். எங்கள் தவறும் நஷ்டமும் அங்கேதான் ஆரம்பித்தன.

செக்-இன் செய்யும்போது ரிசப்ஷனில் இருந்த பெண் லேமினேட் செய்த ஓர் அட்டையை எங்கள் பக்கம் நகர்த்தினார். அறை வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் ஃபீ இரவுக்கு 32 டாலர், அதற்கும் வரி. கிஸ்ஸிமி இருக்கும் ஓசியோலா கவுண்டியில் அறைக்கு மொத்தம் 13.5 சதவீதம் வரி. முன்பதிவு செய்த தளத்தில் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்த ஒரு வரியில் இது இருந்திருக்கிறது, நாங்கள் திறந்து பார்க்கவில்லை. எதற்கு இந்தக் கட்டணம் என்று கேட்டேன். நீச்சல்குளம், வைஃபை, ஷட்டில் என்றார். இலவசம் என்று சொன்ன ஷட்டிலுக்குத்தான் நாங்கள் ஐந்து நாளும் பணம் கட்டினோம்.

நாங்கள் திரும்பி வந்த பிறகு, 2025 மே 12 முதல், அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. ரிசார்ட் ஃபீ மாதிரிக் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்துத்தான் அறை விலையைக் காட்ட வேண்டும். நல்ல விஷயம். ஆனால் பார்க்கிங் மாதிரி, வேண்டுமென்றால் மட்டும் கட்டும் தொகை அந்த விலைக்குள் வராது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

இனி ஷட்டில். மறுநாள் காலை 7.30க்கு லாபியில் நின்றோம். ஒரு கிளிப்போர்டில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தன, எங்கள் பெயர் இல்லை. முந்தைய நாள் மாலை 5 மணிக்குள் பெயர் கொடுத்திருக்க வேண்டுமாம். நாங்கள் செக்-இன் செய்ததே 6 மணிக்கு. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. 14 பேர் உட்காரும் ஒரே வேன், மூன்று ஹோட்டல்களுக்குப் பொது. காலையில் இரண்டு நடை. முதல் நடை நிரம்பிவிட்டது, இரண்டாவது 9.40க்கு. “அதுவரைக்கும் இந்தக் குழந்தைகளை என்ன செய்யறது?” என்று மாமியார் கேட்டார். மகள் இளவரசி உடையோடு, தலையில் கிரீடத்தோடு, லாபி சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, லாபி மூலையில் ‘விருந்தினர் சேவை’ என்று பலகை வைத்த மேஜையிலிருந்து ஒருவர் அன்பாக வந்தார். இலவசக் காலை உணவு, டிக்கெட்டில் தள்ளுபடி, 90 நிமிடம் ஒரு விளக்கம் கேட்டால் போதும் என்றார். அது டைம்ஷேர் விற்பனை, அதாவது விடுமுறை வீட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்பது. கணவருக்கு முன்பே தெரிந்திருந்ததால் தப்பித்தோம். எங்களோடு நின்றிருந்த ஒரு குடும்பம் போனது, அன்று மதியம் 2 மணி வரை அவர்கள் திரும்பவில்லை. தயவுசெய்து அந்த மேஜைக்குப் போகாதீர்கள். யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், ஃபுளோரிடா சட்டப்படி 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யும் உரிமை உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு அந்த நாட்களைக் கடத்திவிடாதீர்கள்.

ஐந்து நிமிடம் என்றார்களே, அது என்ன என்று சொல்கிறேன். டிஸ்னியின் நிலம் 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதன் எல்லைப் பலகைக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டோம், உண்மைதான். அங்கிருந்து, டிஸ்னி பூங்காக்களில் நாங்கள் அன்று போன மேஜிக் கிங்டம் வடக்குக் கோடியில் இருக்கிறது. அதிலும் நேராகப் பூங்கா வாசலில் போய் இறங்க முடியாது. காரில் வந்தாலும், உபரில் வந்தாலும், வெளி ஹோட்டல் வேனில் வந்தாலும், ஏரிக்கு இக்கரையில் டிடிசி என்று சொல்லும் நிலையத்தில்தான் இறங்க வேண்டும். அங்கே பாதுகாப்புச் சோதனை, அப்புறம் மோனோரயில் அல்லது ஃபெரி. மாமனாருக்கு முட்டிவலி. சாய்தளத்தில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து ஏறினார். டிஸ்னி ஹோட்டல்களின் பேருந்துகள் அக்கரையில் பூங்கா வாசலிலேயே இறக்கிவிடுகின்றன. நாங்கள் பூங்காவுக்குள் கால் வைத்தபோது மணி 11.10.

டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு எல்லா நாளும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே போக அனுமதி உண்டு. அந்த அரை மணியில் இரண்டு மூன்று சவாரிகளை முடித்துவிடலாம் என்பதை, அதைத் தவறவிட்ட பிறகுதான் புரிந்துகொண்டோம். நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரிகளுக்கு முன்பே நேரம் பிடித்துக்கொள்ளும் கட்டணப் பாஸ், 2024 ஜூலையில் வந்த லைட்னிங் லேன் மல்ட்டி பாஸும் அப்படித்தான். உள்ளே தங்குகிறவர்கள் 7 நாள் முன்பே, தங்கும் எல்லா நாட்களுக்கும் சேர்த்து நேரம் பிடித்துவிடுகிறார்கள். வெளியே இருப்பவர்களுக்கு 3 நாள் முன்புதான் திறக்கும். நாங்கள் சரியாகக் காலை 7 மணிக்குப் போனோடு உட்கார்ந்தும், பீட்டர் பான் சவாரிக்கு மாலை 6.40தான் கிடைத்தது.

மதிய வெயிலில் குழந்தைகளையும் பெரியவர்களையும் அறைக்குக் கூட்டிவந்து படுக்க வைத்து, மாலையில் திரும்பப் போவதுதான் ஆர்லாண்டோவில் அனுபவப்பட்டவர்கள் செய்வது. எங்களால் அது முடியவில்லை. காலையில் விட்டால் இரவில்தான் வேன். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக டிஸ்னி அனுமதிக்கிறது (கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது), அதனால் புளியோதரையும் தயிர் சாதமும் எங்களைக் காப்பாற்றின. மகன் ஸ்ட்ரோலரில் தலை தொங்கத் தூங்கினான். மாமியார் ஒரு மர நிழலில் உட்கார்ந்து, டிஃபன் மூடியால் அவனுக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

இரவில் கடைசி வேன் 8.45க்கு. வாணவேடிக்கை அதற்குப் பிறகுதான். மகள் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த வாணவேடிக்கையைத்தான். “நாளைக்குப் பார்க்கலாம் கண்ணு” என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தோம். டிடிசியில் நின்றோம், நின்றோம், வேன் வந்தது 9.20க்கு. கிளம்பி வளைவில் திரும்பும்போது பின்னால் வானம் சிவந்தது. மகள் கடைசி சீட்டில் முட்டி போட்டு, பின்கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். மரங்களுக்கு மேலே இரண்டு முறை வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து உபர். ஆறு பேர் என்பதால் பெரிய வண்டி, ஒரு தடவைக்கு 38 முதல் 52 டாலர் வரை. ஃபுளோரிடாவில் 5 வயது வரை குழந்தைக்கு கார் சீட் அல்லது பூஸ்டர் கட்டாயம், அதனால் பூஸ்டர் சீட்டையும் நாள் முழுக்க ஸ்ட்ரோலருக்கு அடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஐந்து தடவைக்கு 221 டாலர். மற்ற நேரங்களில் வேனுக்குக் காத்திருந்தோம்.

ஊருக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அறை, வரி, ரிசார்ட் ஃபீ, உபர் எல்லாம் சேர்த்து 1,190 டாலர். உள்ளே தங்கியிருந்தால் ஆகியிருக்கும் 2,650ஐவிட இது குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஆறு பேர் டிக்கெட் 3,800 டாலரைத் தாண்டியது. ஒரு நாளைக்கு 950. பன்னிரண்டு மணி நேரம் பூங்காவில் இருந்தால் மணிக்கு 80 டாலர் போகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று மணி நேரம் சாலையிலும் லாபியிலும் நிலையத்திலும் போனது. நான்கு நாளில் கிட்டத்தட்ட ஒரு முழு நாளின் டிக்கெட்டை நாங்கள் பயன்படுத்தவே இல்லை.

இதனால் வெளியே தங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆறு பேர், பெரியவர்கள், வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்றால் வெளியே சமையலறையோடு தங்குவதுதான் சரி, ஆனால் கையில் கார் இருக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி 400 டாலருக்கு அப்போது கிடைத்தது. பூங்கா பார்க்கிங் நாங்கள் போனபோது நாளுக்கு 30 டாலர். இரண்டையும் சேர்த்தாலும் உள்ளே இரண்டு அறை எடுப்பதைவிட ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சமாகியிருக்கும், நேரமும் எங்கள் கையில் இருந்திருக்கும்.

நான்கு பேர் குடும்பம் என்றால் என் யோசனை நேர்மாறு. உள்ளே வேல்யூ அறை ஒன்றே போதும். டிஸ்னி நடத்தும் ஹோட்டல்களில் ரிசார்ட் ஃபீ கிடையாது, தங்குகிறவர்களுக்குப் பூங்காவிலும் ஹோட்டலிலும் பார்க்கிங் கட்டணம் இல்லை, பேருந்து நாள் முழுக்க ஓடுகிறது. வெளி ஹோட்டல், கட்டணங்கள், கார், பார்க்கிங் எல்லாம் கூட்டினால் அதே தொகையை ஒட்டித்தான் வரும். ஆனால் விமான நிலையத்திலிருந்து டிஸ்னி இலவசமாக ஓட்டிய பேருந்து 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது, அந்தச் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்னி நிலத்தில் இருந்தும் வேறு நிறுவனங்கள் நடத்தும் ஸ்வான், டால்ஃபின் போன்றவற்றில் ரிசார்ட் ஃபீ உண்டு. டிஸ்னியின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கத்து ஹோட்டல்கள் சிலவற்றுக்கும் அந்த அரை மணி நேரச் சலுகை இருக்கிறது, நீங்கள் போகும் தேதிக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்லாண்டோவிலேயே உள்ள யூனிவர்சல் நிறுவனத்தின் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற அதன் மூன்று ஹோட்டல்களையும் விசாரியுங்கள். அங்கே தங்கினால் பழைய இரண்டு பூங்காக்களிலும் குறுகிய வரிசையில் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையோடு சேர்ந்தே வருகிறது, 2025 மே மாதம் திறந்த புதுப் பூங்காவான எபிக் யூனிவர்சுக்கு மட்டும் அது செல்லாது.

பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே போன் போடுங்கள், முன்பதிவுத் தளத்துக்கு இல்லை. வேன் ஒரு நாளைக்கு எத்தனை நடை, இரவில் கடைசி வேன் எத்தனை மணிக்கு, எத்தனை ஹோட்டல்களுக்குப் பொது, எங்கே இறக்கிவிடும், பெயர் எப்போது கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

நான் விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன், கிளிப்போர்டையும் போனில் எடுத்திருந்தேன். இரண்டையும் வைத்து ஹோட்டல் மேலாளருக்கு எழுதினேன், பதில் இல்லை. கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் ஆட்சேபம் பதிந்த பிறகு, ஐந்து வாரம் கழித்து, ரிசார்ட் ஃபீயில் இரண்டு இரவுக்கான தொகை மட்டும் திரும்ப வந்தது.