பழைய பைக் எஞ்சின் பாகங்களை இனம் காண டிஜிட்டல் வெர்னியர்: நீண்ட கால அனுபவம்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துத் தோட்டக் கொட்டகைகளில் கிடந்து, எஞ்சின் ஒரு சாக்குப்பையிலும் சட்டம் வேறாகவும் தர்மபுரிக்கு வந்து சேரும் யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 பைக்குகளை மறுபடி பொருத்திச் சேர்க்கும் வேலையில், பல ஆண்டுகளாக என் மேசையை விட்டு அகலாத கருவி, விட்டத்தையும் அகலத்தையும் நுட்பமாக அளந்து திரையில் காட்டும் ஒரு டிஜிட்டல் வெர்னியர்தான்.

பேரிங்கை இனம் காண்பது எளிது. 6204 என்று பொறித்திருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க, உள்விட்டம் 20 மி.மீ. என்று தெரிந்துவிடும்; வெளிவிட்டம் 47, அகலம் 14. எண் தேய்ந்திருந்தால் இம்மூன்றையும் வெர்னியரில் அளந்து எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் உள் இடைவெளி கூடுதல் என்பதைக் குறிக்கும் சி3 குறியை எந்த வெர்னியரும் காட்டாது. அது இல்லாத பேரிங்கை "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கடையில் நீட்டினால் நான் வாங்குவதில்லை.

ஆளை ஏமாற்றுவது பிஸ்டன்தான். அது மேலே சிறுத்தும் குறுக்கே சற்று நீள்வட்டமாகவும் இருப்பதால், பாவாடை (ஸ்கர்ட்) எனப்படும் அடிப்பகுதியின் கீழ்ப்புறத்தில், பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் பின்னுக்குச் செங்குத்தான திசையில் அளக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100க்கும் ஆர்எக்ஸ் 135க்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 50 மி.மீ.தான்; போர் எனப்படும் சிலிண்டர் உள்விட்டம் மட்டும் முறையே 50, 58 மி.மீ. யமஹாவின் அசல் பாகமானால் எண்ணே பேசும்: நடுவிலுள்ள ஐந்து இலக்கங்கள் 11631 என்றிருந்தால் அது ஸ்டாண்டர்டு, அதாவது ஆலையின் மூல அளவு, பிஸ்டன். முன்னாலுள்ள மூன்று எழுத்துகள் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக உருவானது என்பதைக் குறிப்பவை. ஆகவே வேறு மாடலின் குறி இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

யெஸ்டிக்கு இந்த வசதி குறைவு. மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டதால், ஓசூர் தாண்டிப் பெங்களூரு வரை தேடினாலும் பெரும்பாலும் கிடைப்பவை எண்ணில்லாத நகல்களே. 250 சிசி எஞ்சினின் ஸ்டாண்டர்டு போர் 65 மி.மீ. என்பதை மனத்தில் வைத்து, பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் அளந்த பிறகே பணம் கொடுக்கிறேன்.

இக்கருவி பாகத்தை அடையாளம் காட்டுமே தவிர, பொருத்தத்துக்குச் சான்று தராது. மூல அளவைவிட 0.25 மி.மீ. பெரிதாகச் செய்த ஓவர்சைஸ் பிஸ்டனை அது பிரித்துக் காட்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே வேண்டிய, ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்கே ஆன இடைவெளியை அளக்க லேத் பட்டறையின் மைக்ரோமீட்டரும், சிலிண்டர் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜும்தான் வேண்டும். மற்றொரு குறை, அணைத்து வைத்தாலும் பட்டன் செல் தீர்ந்துபோவது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.