டீச்சர்ஸ் ஹைலேண்ட் கிரீம்: கீழ்த்தட்டு ஸ்காட்ச்சில் இவ்வளவு புகையா?

விலை குறைந்த ஸ்காட்ச் என்றாலே தொண்டையை எரிக்கும், எதையாவது கலந்தால்தான் உள்ளே இறங்கும் என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். அடிமட்ட விலையில் கிடைக்கும் பிளெண்ட் (பல விஸ்கிகளைக் கலந்த சரக்கு) பலவற்றுக்கு அது பொருந்தவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் டீச்சர்ஸ் ஹைலேண்ட் கிரீமையும் அந்தக் கூட்டத்தில் தள்ளுவது அநியாயம். இந்த விலைக்கு நிஜமான பீட் (சதுப்புநிலக் கரி) புகை உள்ள ஒரு விஸ்கி கிடைக்கிறதே, அந்த ஒரு காரணத்துக்காகவே தீரத் தீர வாங்கி வைக்கிறேன்.

கிளாஸில் ஊற்றியவுடன் மூக்கை உள்ளே விட வேண்டாம். முதலில் வருவது வெறும் ஆல்கஹால் நெடிதான், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அது அடங்கிவிடும். அப்புறம் தேன், ஆப்பிள், லேசாக வறுத்த தானிய வாசம், இவற்றுக்கெல்லாம் அடியில் புகை. நேற்று அணைந்துபோன விறகடுப்புப் பக்கம் காலையில் போனால் ஒரு வாசம் வருமே, அந்த மாதிரிக் காய்ந்த புகை. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின் கனம், நடுவில் கொஞ்சம் காரம், விழுங்கிய பிறகு புகை மறுபடி எழுந்து வந்து நாக்கில் தங்குகிறது. ரொம்ப நேரம் தங்காது, அந்தக் குறையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த விலையில் இருக்கிற பலவும் விழுங்கிய அடுத்த நொடியே காணாமல் போய்விடும், எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும்.

இந்தப் புகை வருவது ஆர்ட்மோர் என்ற டிஸ்டில்லரியிலிருந்து, அதாவது விஸ்கி காய்ச்சும் ஆலையிலிருந்து. டீச்சர் குடும்பமே தங்கள் பிளெண்டுக்கு மால்ட் வேண்டும் என்று 1898இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயர் பகுதியில், கென்னத்மான்ட் என்ற ஊர்ப் பக்கம் கட்டியது அது. முளைகட்டிய பார்லியைக் காய வைக்கும்போது பீட்டை எரித்து அந்தப் புகையைத் தானியத்தில் ஏற்றுவார்கள். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பகுதி டிஸ்டில்லரிகளில் பெரும்பாலானவை இந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்ட பிறகும் ஆர்ட்மோர் விடவில்லை. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகளைக் குடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசமும் கடல் உப்பும் அடிக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் இதைத் தைரியமாகத் தொடலாம். ஹைலேண்ட் பீட் வேறு, அதில் அந்த மருந்து நெடி இல்லை, செடியும் மண்ணும் எரிந்த வாசம்தான். ஆர்ட்மோரில் 2000களின் தொடக்கம் வரை கொப்பரைகளுக்குக் கீழே நேரடியாக நிலக்கரி எரித்துத்தான் காய்ச்சினார்கள். இப்போது நீராவிக்கு மாறிவிட்டார்கள். அதனால் ருசி மாறியதா என்று பழைய பாட்டில்களைத் தேடித் தேடிக் குடிக்கிற ஆட்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், நாம் அதற்குள் போக வேண்டாம்.

இந்த நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் டீச்சர் கிளாஸ்கோவில் மதுக்கடைகள் நடத்தியவர். கண்டிப்பான ஆள். அவர் கடைகளில் புகை பிடிக்கக் கூடாது, ஒருவர் எல்லாருக்கும் ரவுண்டு வாங்கிக் கொடுக்கவும் கூடாது. புகைக்குத் தடை போட்டவர் பெயரில் இவ்வளவு புகையோடு ஒரு சரக்கு என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும் விஷயம். ஹைலேண்ட் கிரீம் என்ற பெயரைப் பதிவு செய்தது 1884இல், அப்போது அவர் உயிரோடு இல்லை. 1913இல் கையாலேயே இழுத்துத் திறக்கிற கார்க் மூடியை இவர்கள் கொண்டுவந்து, ‘கார்க் திருகியைப் புதைத்துவிடுங்கள்’ என்று விளம்பரம் செய்தார்கள்.

சரி, குறைகள். ராவாகக் குடித்தால் கிரெயின் விஸ்கியின் இளமை பல்லைக் காட்டுகிறது. பிளெண்டட் ஸ்காட்ச் என்றால் மால்ட் விஸ்கியோடு, நிறுத்தாமல் தொடர்ந்து காய்ச்சி எடுத்த லேசான கிரெயின் விஸ்கியையும் சேர்ப்பார்கள், விலை குறைவது அதனால்தான். இதில் மால்ட் பங்கு தாராளம் என்பது டீச்சர்ஸுக்கு ரொம்ப காலமாக இருக்கும் பெயர், குடித்தால் அது தெரியவும் செய்கிறது. இருந்தாலும் லேபிளில் வயது கிடையாது. ஸ்காட்ச் என்று போட வேண்டுமானால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் ஸ்காட்லாந்திலேயே கிடந்திருக்க வேண்டும் என்பது சட்டம், வயது போடாத பாட்டிலில் அதற்கு மேல் உங்களுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நடுவில் வரும் அந்தக் காரம், ஓரத்தில் கொஞ்சம் கசப்பு, இரண்டுக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்புறம் நிறம். தங்கமாக ஜொலிக்கிறதே, நல்ல முதிர்ச்சி போலிருக்கிறது என்று எந்த ஸ்காட்ச்சையும் எடை போடாதீர்கள். கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

காரத்தைச் சமாளிக்க வழி சுலபம்: தண்ணீர். 2 பங்கு விஸ்கிக்கு 1 பங்கு சாதா தண்ணீர், ஐஸ் இல்லாமல். காரம் குறையும்போது புகையும் போய்விடுமோ என்று பயம் வரும். போகாது, எனக்கென்னவோ கூடுகிற மாதிரித்தான் படுகிறது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினி மாதிரி வைத்து இதைப் பார்த்தார்கள். புகை வாசத்துக்குப் பெரிய காரணமான குவாயாகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் அளவு அதிகமாக இருக்கும்போது உள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது, தண்ணீர் சேர்ந்து அளவு குறையும்போது திரவத்தின் மேல்பரப்புக்கு வருகிறது. மூக்குக்குப் பக்கத்தில், வேறென்ன வேண்டும். தண்ணீர் ஊற்றினால் விஸ்கியை அவமதித்த மாதிரிப் பேசும் வீராதி வீரர்களுக்கு இதை எடுத்துக் காட்டலாம்.

சோடாவோடு இது இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டும். உயரமான கிளாஸ், நிறைய ஐஸ், 1 பங்கு விஸ்கிக்கு 3 பங்கு நன்றாகக் குளிர்ந்த சோடா, மெதுவாக ஒரே ஒரு கிளறல், அவ்வளவுதான். மென்மையான பிளெண்டுகள் இவ்வளவு சோடாவில் கரைந்து அடையாளமே தெரியாமல் போய்விடும். இதில் இனிப்பு பின்னால் போனாலும் புகை கடைசி மடக்கு வரை நிற்கிறது, அந்தக் கசப்பும் சோடாவில் தெரிவதில்லை. எனக்கு டீச்சர்ஸ் ரொம்பப் பிடித்தது இந்த வடிவத்தில்தான். வெறும் ஐஸில் ஊற்றிக் குடிப்பது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, குளிர்ச்சியில் வாசம் மூடிக்கொண்டு காரமும் கசப்பும் மட்டும் மிஞ்சுகின்றன. கோலாவில் கலப்பது உங்கள் இஷ்டம், ஆனால் புகைக்காகக் காசு கொடுத்துவிட்டு அதைச் சர்க்கரையில் முக்குவானேன்?

பாட்டிலைத் திறந்த அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் குறைந்து, உள்ளே காற்று புகுந்து சில நாள் ஆன பிறகு முதல் நெடி தணிந்து தேன் வாசம் முன்னால் வருகிறது. அதற்காக மாதக்கணக்கில் அடியில் இரண்டு பெக்கை மட்டும் விட்டு வைத்தால் புகை மங்கிவிடும். வெயில் படாத இடத்தில், படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

வழுவழுவென்று, எந்தச் சத்தமும் இல்லாமல் இறங்குகிற சரக்கு தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. புகை என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை, ஆனால் பிடிக்குமோ பிடிக்காதோ தெரியாத ஒன்றுக்காக ஒரு சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரியின் மால்ட் விஸ்கி) பாட்டிலுக்குக் கொட்டிக் கொடுக்க மனசில்லை என்றால் முதலில் இதை வாங்குங்கள். முடிந்தால் சின்ன பாட்டிலாக. பிடித்துப் போனால் அடுத்ததாக ஆர்ட்மோரின் சிங்கிள் மால்ட்டையே தேடிப் பாருங்கள், இந்த பிளெண்டுக்குள் எது எங்கிருந்து வந்தது என்று ஒரே மடக்கில் புரிந்துவிடும்.