ரூட் செய்வதா, விபிஎன் இடத்தை விட்டுக்கொடுப்பதா: ஆண்ட்ராய்டில் இரண்டு ஃபயர்வால்கள்

கேமராவைத் தரலாமா, இருப்பிடத்தைக் காட்டலாமா என்று ஒவ்வொரு செயலிக்காகவும் நம்மிடம் அனுமதி கேட்கும் ஆண்ட்ராய்டு, இணையத்தை மட்டும் கேட்காமலேயே கொடுத்துவிடுகிறது. டார்ச் செயலிக்கு இணையம் எதற்கு என்று யோசிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏஎஃப்வால்+ அல்லது நெட்கார்டிடம் வந்து சேர்கிறார்கள். எந்தச் செயலி இணையத்துக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபயர்வால்கள் இவை. இரண்டும் திறமூலச் செயலிகள்தாம், அதாவது இவற்றின் நிரலை யாரும் பார்க்கலாம். ஆனால் தடுக்கும் இடம் வேறு.

ஏஎஃப்வால்+ தன் விதிகளை ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் உள்ள ஐபிடேபிள்ஸ் என்ற தரவு வடிகட்டியிடமே ஒப்படைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனிப் பயனராகக் கருதி ஓர் அடையாள எண்ணைக் கொடுப்பதால், இந்த எண்ணிலிருந்து கிளம்பும் எதுவும் மொபைல் டேட்டா வழியே போகக்கூடாது என்று ஒரே விதியில் நிறுத்திவிட முடிகிறது. போனின் தரவைத் தனிக் குழாய் வழியே திருப்பிவிடும் விபிஎன்னுக்கு ஆண்ட்ராய்டில் உள்ள ஒரே இடமும் காலியாகவே இருக்கும். போன் ஆன் ஆகும்போது விதிகள் ஏறுவதற்கு முன் தரவு கசிவதைத் தடுக்கவும் அதில் ஒரு வசதி உண்டு. திறமையை மட்டும் பார்த்தால் இதுவே மேல். ஆனால் இதற்கு ரூட், அதாவது போனின் அமைப்பு முழுவதையும் மாற்றும் உரிமை, வேண்டும். அதற்காக, போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதன்பின் பல வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் வேலை செய்ய மறுக்கும். காய்கறிக் கடையிலும் போனைக் காட்டிப் பணம் கொடுத்துப் பழகியவருக்கு இந்த விலை கட்டுப்படியாகாது.

நெட்கார்டுக்கு ரூட் தேவையில்லை. அது போனுக்குள்ளேயே ஒரு விபிஎன்னை உருவாக்கிக்கொள்கிறது. வெளியே சர்வர் எதுவும் கிடையாது. வழக்கமான அமைப்பில், நாம் அனுமதித்த செயலிகள் தம் வழியிலேயே போக, தடுத்தவை மட்டும் இந்தக் குழாய்க்குள் திருப்பிவிடப்பட்டு, போக்கிடம் இல்லாமல் அங்கேயே நின்றுவிடுகின்றன. பட்டியலில் ஒவ்வொரு செயலியின் பெயருக்கும் எதிரே வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று என இரண்டு குறிகள் இருக்கும். தொட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். குறை ஒன்றே, ஆனால் பெரியது: ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். அலுவலக விபிஎன்னை இணைத்ததும் நெட்கார்ட் விலகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. இணையத்தை அடைத்த பிறகும் அந்தச் செயலியின் அறிவிப்பு வந்து நிற்கும். பல அறிவிப்புகள் கூகுள் பிளே சர்வீசஸ் என்ற பின்னணிச் செயலி வழியாக வருவதே காரணம்; ஃபயர்வால் பழுதாகிவிடவில்லை.

2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் கிடைக்கும் பிரைவேட் டிஎன்எஸ்ஸை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வதுண்டு. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் சேவைதான் டிஎன்எஸ். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் முகவரி ஒன்றை அதில் கொடுத்தால் விளம்பரங்கள் குறையும். ஆனால் அது தள முகவரிகளைத்தான் வடிகட்டும், எந்தச் செயலி கேட்டது என்பது அதற்குத் தெரியாது. எனவே அதை ஃபயர்வால் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

அன்றாடப் போனுக்கு என் தேர்வு நெட்கார்ட். ஏஎஃப்வால்+ஐ, வங்கிக் கணக்கு எதுவும் இல்லாத பழைய போனில் வைத்துக்கொள்ளலாம். நெட்கார்டை நிறுவியதும் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அதை எப்போதும் இயங்கும் விபிஎன்னாகக் குறித்துவிடுவது நல்லது. முழுத் தடை கடுமையாகத் தோன்றினால், திரை எரியும்போது மட்டும் அனுமதிக்கும் தேர்வும் அதில் இருக்கிறது. போனை மேசையில் வைத்துவிட்டுப் போன நேரத்தில் செயலிகள் டேட்டாவைக் கரைப்பதை நிறுத்த அதுவே போதும்.